சாய்த்துப் பிடித்த விளக்கு

மகளின் நெற்றியில் அது இருப்பதை முதலில் பார்த்தவன் அப்பன்தான். காலையில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். விடாமல் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வெயில் பக்கவாட்டில் நுழைந்து அவள் முகத்தில் விழுந்தது. இடது புருவத்துக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, கடுகளவு ஒரு மேடு. அந்த மேட்டுக்கு மறுபக்கம் கடுகளவு ஒரு நிழல்.

நேர் வெளிச்சத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் தொழில் அப்படி. புது வீட்டுச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்னால் பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறவன். சுவரை நேராகப் பார்த்தால் அது பொய் சொல்லும். விளக்கைச் சுவரோடு ஒட்டி, சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குழியும் ஒவ்வொரு கொப்புளமும் நிழலோடு எழுந்து நிற்கும். இருபது வருஷமாக அப்படிப் பார்த்துப் பார்த்து, எதையும் வேறு விதமாகப் பார்க்க அவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வேலையிடத்தில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். முகத்தைப் பார்த்து வைத்த பெயர். கன்னம் இரண்டும், நெற்றிப்பொட்டும், கழுத்தோரமும் குழி குழியாக இருக்கும். பதினான்கு வயதில் தொடங்கிய பரு, இருபத்தைந்து வரை விடவில்லை. சவரக்கடைக்காரர் அவன் வந்து உட்கார்ந்தால் கத்தியை எடுக்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார், வேறு யாராவது வந்துவிட மாட்டார்களா என்று. துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் நாளே, முன்னால் நிற்க வேண்டாம், பின்னால் மூட்டை பிரி என்றார்கள். கடைசியில் அவனாகவே தேடிக்கொண்டது இந்த வேலை. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி நிற்கலாம். முதுகுக்கு ஒரு குறையும் இல்லை.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லை. சாப்பிடு."

அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. அவன் கண் எங்கே நின்றதோ அதே இடத்துக்கு.

அன்று வேலை ஓடவில்லை. ஒரு பெரிய வீட்டின் கூடம். ஈரக் காற்றில் பட்டி காய மறுத்தது. காய்ந்த இடத்திலும் உள்ளே தங்கிய ஈரம் சுவரை அங்கங்கே கொப்புளிக்க வைத்திருந்தது. கூட வேலை செய்தவன் அவன் மனைவியின் தம்பி. ஏணி இல்லாமலே கூரையைத் தொடுவான், அதனால் அவன் பெயரே ஏணி.

"என்ன மச்சான், காலையிலேர்ந்து ஒரே இடத்தைத் தேய்க்கிறீங்க. சுவர்ல ஓட்டை விழப்போகுது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து வணக்கம் சொல்வார்."

சல்லடை தாளை உதறினான். வெள்ளைத் தூள் மீசையில் படிந்தது.

"பாப்பாவுக்கு நெத்தியில ஒண்ணு வந்திருக்கு."

"என்ன வந்திருக்கு?"

"அதுதான்."

ஏணி மேலே பட்டி இழுத்துக்கொண்டிருந்த தகட்டை நிறுத்தினான். பிறகு மறுபடி இழுத்தான். "பன்னண்டு முடிஞ்ச பொண்ணு. இந்த வயசுல வர்றது வரத்தான் செய்யும். அதுக்கா இந்த மூஞ்சி?"

"உனக்கு வந்துச்சா?"

"எனக்கு எங்க வந்துச்சு. இருந்ததெல்லாம் உயரத்துக்கே செலவாயிடுச்சு. மூஞ்சிக்குன்னு ஒண்ணும் மிஞ்சலை."

"உங்கக்காவுக்கு வந்துச்சு. எனக்கு வந்துச்சு. ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு மாப்ள. அது எந்தப் பக்கமா தப்பிக்கும்?"

ஏணி தகட்டைத் துணியில் துடைத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இருவரும் சுவருக்குத் திரும்பினார்கள்.

இந்தப் பயம் இன்று வந்ததல்ல. குழந்தை பிறந்த மூன்றாம் வாரத்தில் அதன் கன்னத்தில் பொடிப்பொடியாக ஏதோ முளைத்தது. பிறந்ததுமே தொடங்கிவிட்டதா என்று துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையைப் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். "எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான், தானாப் போயிடும், வீட்டுக்குப் போங்க" என்றாள். போய்விட்டது. ஆனால் அவள் தன் முகத்தைப் பார்த்த அந்த ஒரு பார்வை அவனுக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவன் காத்திருந்தான் என்றே சொல்லலாம்.

சாயங்காலம் மனைவி தலையணை உறைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் மடிப்பது அவள் வேலை. துணி விஷயத்தில் அவள் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். மகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

"என்ன சொல்ல?"

"காலையில நீங்க பார்த்ததை நானும் பார்த்தேன். நீங்க பார்த்ததைப் பார்த்துத்தான் பார்த்தேன்."

"நெத்தியில. இடது பக்கம்."

"ம்."

"எனக்கு நெத்தியிலதான் ஆரம்பிச்சது. என்னோடதுதான் அது."

"உங்களோடதுன்னு அதுல பேர் எழுதியிருக்கா? எனக்கும் நெத்தியிலதான் முதல்ல. அப்புறம்தான் தாடைக்கு இறங்குச்சு." இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டினாள். அவள் தாடையோரத்தில் பழைய கறுப்புத் திட்டுகள் இன்னும் இருந்தன. வேலைக்குப் போகும்போது துப்பட்டாவை அந்தப் பக்கமாகவே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

"உனக்கு இவ்வளவு மோசம் இல்லையே."

"பொம்பளைக்குக் கொஞ்சம் இருந்தாலே மோசம்தான். உங்களுக்குத் தெரியாது."

"என்னால வந்தது. எதுக்கு நீ இழுத்துப் போட்டுக்கிற?"

"சரி, உங்களால வந்ததாவே இருக்கட்டும். அதனால என்ன ஆகப்போகுது? நீங்க எடுத்து உங்க மூஞ்சியில ஒட்டிக்குவீங்களா?"

அவன் சுவரைப் பார்த்தான். அவள் உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்குன்னு இன்னொரு இடம் பேசினாங்களே, அந்த ஆளைக் கட்டியிருக்கலாம். மூஞ்சி மைதா மாவு மாதிரி இருக்கும்."

"அவன் உன் தாடையைப் பார்த்துட்டு ஓடிப்போனவன்தானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இஸ்திரிப் பெட்டி ஒரு இடத்திலேயே நின்றதில் உறை லேசாகப் பழுப்பேறிவிட்டது.

பக்கத்து அறையில் பக்கம் புரளும் சத்தம் எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து வீடு மாறியது. தினமும் புதுத் தலையணை உறை, சூடாக இஸ்திரி போட்டது. வறுத்த உருளைக்கிழங்கு நின்றது. பால் நின்றது. சாக்லேட் வைத்திருந்த டப்பாவில் இப்போது பொத்தான்கள் இருந்தன. வேகவைத்த காய், சூப்பு, வெறும் ரொட்டி. முகம் கழுவும் சோப்பை மாற்றினாள் அம்மா, பிறகு அந்தச் சோப்பையும் மாற்றினாள். யாரும் எதற்காக என்று சொல்லவில்லை. பரு என்ற சொல்லையே வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. முன்முடியைக் கத்தரியால் தானே வெட்டி நெற்றியில் இறக்கிவிட்டுக்கொண்டாள். கோணல்மாணலாக இருந்தது.

"இது என்ன கோலம்?" என்றாள் அம்மா.

"எல்லாரும் இப்படித்தான் வெட்டுறாங்க."

"முடி பட்டா இன்னும் அதிகமா..." என்று தொடங்கி அம்மா நிறுத்திக்கொண்டாள்.

முடி மறைத்ததால் அவனுக்குப் பகலில் பார்க்க வழி இல்லாமல் போயிற்று. அதனால்தான் விடியற்காலையில் அந்தப் பழக்கம் தொடங்கியது. வேலைக்குக் கிளம்பும் முன், பையிலிருந்து வேலை விளக்கை எடுத்துக்கொண்டு மகள் படுத்திருக்கும் கட்டிலருகே போவான். முன்முடியை ஒரு விரலால் ஒதுக்குவான். விளக்கை அவள் காதோரம் தாழ்த்தி, சாய்த்து, வெளிச்சம் நெற்றிமேல் படர்ந்து ஓடும்படி பிடிப்பான். மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பான். ஒன்று, பிறகு இரண்டு. ஒருநாள் இரண்டும் அமுங்கியிருந்தன. இன்னொரு நாள் மூக்கின் பக்கவாட்டில் புதிதாக ஒன்று. அவள் அசையாமல் தூங்குவாள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டுவான். இது சுவராக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏணி சாப்பிட வந்தான். நல்ல மழை. நாலு பேரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சூப்பைப் பார்த்து ஏணி கேட்டான்: "என்னக்கா, வீட்ல யாருக்காவது வயித்துக்குச் சரியில்லையா?"

"சத்தானது. சாப்பிடு."

"சத்து மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணும் இல்லையே." மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் குனிந்தே இருந்தாள். அவன் விடவில்லை. "என்ன மருமகளே, முடியெல்லாம் திரை போட்டு விட்டிருக்கே. உள்ளே என்ன, படம் ஓடுதா?"

அக்கா தம்பியின் காலை மேசைக்கடியில் மிதித்தாள். பேச்சை மாற்ற வேண்டும் என்று ஏணிக்குப் புரிந்தது. மாற்றுவதற்கு அவனிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

"அந்தக் கூடத்துல வடக்குச் சுவர் மறுபடி கொப்புளிச்சிருக்கு மச்சான். முழுசா காயட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைக்கிறேன்."

"காயற வரைக்கும் விடக்கூடாது" என்றான் சல்லடை. பேச ஒரு விஷயம் கிடைத்த ஆறுதலில் குரல் உயர்ந்தது. "முளைக்கும்போதே பிடிச்சுடணும். நைஸ் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு, அழுத்தாம, வட்டமா தேய்ச்சா அந்த இடம் இருந்த தடமே தெரியாது. ரெண்டு நாள் விட்டா உள்ளே இறங்கிடும். அப்புறம் நீ எவ்வளவு பூசினாலும் குழி குழிதான். ஆயுசுக்கும் போகாது."

"போன தடவை நீங்க தேய்ச்சும் வந்துச்சே."

"நான் தாமதமா பார்த்தேன். அது என் தப்பு."

ஏணி தலையாட்டினான். மனைவி ரொட்டியை வெட்டினாள். மகள் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம், பிறகு குழாய்த் தண்ணீர் சத்தம்.

மழையோடு சேர்ந்து அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏணி ஏதோ வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சல்லடையின் காது அதில் இல்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மெல்லிய, சீரான, ஈரமான ஒரு சத்தம். கொஞ்சம் ஓடும், நிற்கும், தண்ணீர் தொட்டுக்கொள்ளும், மறுபடி ஓடும். இருபது வருஷமாக அவன் உள்ளங்கைக்குக் கீழே கேட்ட சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே அவன் சாப்பிட்டிருக்கிறான், கனவு கண்டிருக்கிறான். என்ன தாள், எவ்வளவு தேய்ந்த தாள் என்றுகூட அவனால் சொல்ல முடியும்.

நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

அவன் கதவைத் தட்டினான். "பாப்பா. திற."

சத்தம் நின்றது.

"முகம் கழுவுறேன்பா."

"திற பாப்பா. அப்பா சொல்றேன், திற."

தாழ்ப்பாள் விலகியது. முன்முடி முழுவதையும் மேலே தூக்கிக் கட்டியிருந்தாள். நெற்றியின் இடது பாதி தோலுரிந்த தக்காளி மாதிரி பளபளத்தது. நடுவில் புள்ளிபுள்ளியாக ரத்தம் துளிர்த்து, தண்ணீரோடு கலந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கோரத்திலும் ஒரு காசளவு சிவப்பு. கையில் அவன் பையிலிருந்து எடுத்த தாள், சின்னதாக மடித்து, அவன் மடிப்பது போலவே மூன்றாக மடித்து.

அவள் அழவில்லை. நல்ல பிள்ளையாக ஒரு வேலையை முடித்த முகத்தோடு நின்றாள். அதைத்தான் அவனால் பிறகு வெகுநாள் மறக்க முடியவில்லை.

"நைஸ் தாள்தான்பா" என்றாள். "தேய்ஞ்சது. தண்ணி தொட்டுத்தான் தேய்ச்சேன். அழுத்தலை."

பின்னால் வந்து நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணி கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்து நீட்டினான்.

ஞாயிறு என்பதால் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மட்டும்தான் இருந்தது. பணியில் இருந்த டாக்டர் அம்மா வயதானவர். மகளின் நெற்றியைக் கழுவி, களிம்பு தடவி, துணி ஒட்டும் வரை எதுவும் கேட்கவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அவளை வெளியே மாமாவோடு உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு இருந்தது பார்த்தாலே தெரியுது. அம்மாவுக்கும் இருந்ததா?"

"இருந்தது" என்றாள் மனைவி. துப்பட்டாவை இழுக்கப் போன கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இவளுக்கும் வரலாம். வந்தாலும் லேசா வந்துட்டுப் போகலாம். இப்பவே யாரும் சொல்ல முடியாது. உங்க காலம் மாதிரி இல்லை, இப்ப மருந்து இருக்கு. கூட்டிட்டு வாங்க, நாங்க பார்த்துக்கிறோம்."

"இன்னைக்கு ஆனது, டாக்டர்? இது தடம் விடுமா?" என்றான் அவன்.

டாக்டர் அம்மா கையுறையைக் கழற்றினார்.

"அந்தச் சின்னப் பருவெல்லாம் தானா அமுங்கிப் போயிருக்கும். ஒரு தடமும் இருந்திருக்காது. இது விடலாம். வெயில் படாம பார்த்துக்கங்க. யாரும் தொடாதீங்க. முக்கியமா, எந்நேரமும் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் ஏணி முன்னால் நடந்தான், அக்கா அவன் பின்னால். அப்பனும் மகளும் கடைசியில். விளக்குக் கம்பங்கள் வந்து வந்து போயின. ஒவ்வொரு கம்பத்துக்குக் கீழும் அவன் கண் அந்த ஒட்டுத்துணிப் பக்கம் போயிற்று. ஒவ்வொரு முறையும் இழுத்துத் திருப்பினான்.

"நீ தினமும் காலையில விளக்கு பிடிச்சுப் பார்ப்பியே" என்றாள் அவள்.

அவன் நின்றுவிட்டான். "முழிச்சிருப்பியா?"

"நீ பையைத் திறக்கிறப்பவே முழிச்சுடுவேன். கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன்."

"ஏன் சொல்லலை?"

"நான் கண்ணாடியே பார்க்கிறதில்லைப்பா. பயமா இருக்கும். நீ பார்த்து முடிச்சதும் மூச்சு விடுவேல்ல. சின்னதா விட்டா பரவாயில்லை, இன்னைக்கு ஒண்ணும் புதுசா இல்லைன்னு அர்த்தம். பெருசா விட்டா வந்திருக்கு. நேத்துப் பெருசா விட்டே."

இத்தனை நாளும் ஒவ்வொரு காலையும், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு, அப்பனின் மூச்சுக்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது குழந்தை. முகத்தில் கொடுத்தானோ இல்லையோ, அவன் இதைக் கொடுத்துவிட்டான். தன் பதினான்கு வயதை அப்படியே, ஒரு பொட்டுக் குறையாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதற்கு அவள் தோல்கூடத் தேவைப்படவில்லை.

வீடு வந்து சேரும் வரை அவள் கை அவன் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது. அதை அவள் விடவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு அவனுக்கு மிச்சம்.

ஒட்டுத்துணி எடுத்தபோது நெற்றியில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. மழை முடிந்து வெயில் ஏறியது. கூடத்துச் சுவர்கள் காய்ந்து, பெயிண்டும் அடித்தாயிற்று. திட்டு மங்குவது போலவும் இருந்தது, மங்காதது போலவும் இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்பதைவிட, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முறையும் புதிதாக விட்டுக்கொண்டிருந்தான் என்பதே சரி. வீட்டில் வறுத்த உருளைக்கிழங்கு திரும்பி வந்தது. அம்மா உறைகளை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றப் பழகினாள். அதுவும் அவளுக்குச் சுலபமாக இல்லை.

ஒருநாள் காலையில் மகள் முகம் கழுவிவிட்டு வந்து மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். தாடையில் ஒன்று வந்திருந்தது. இந்த முறை கடுகு இல்லை, பயறு அளவு, சிவந்து, நேர் வெளிச்சத்திலேயே தெரிந்தது. அம்மாவுக்கு நெற்றியிலிருந்து இறங்கி வந்த அதே இடம். மனைவியின் கையில் கரண்டி நின்றது. மகள் ரொட்டியைத் தொடாமல் அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் கண் எங்கே போகிறது, மூச்சு எப்படி வருகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குள் பழைய பயம் எழுந்தது. ஒளிக்கத் தெரியாது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அதனால் நேராகவே அதைப் பார்த்தான்.

"தாடையில ஒண்ணு வந்திருக்கு" என்றான்.

"தெரியும்."

"வலிக்குதா?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவனுக்கு முகம் முழுக்க இருந்த அத்தனை வருஷத்தில் அவனை யாரும் அதைக் கேட்டதில்லை. அவளையும் இந்த வீட்டில் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

மகள் யோசித்தாள். விரலால் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தொட்டா வலிக்குது."

"டாக்டரம்மாகிட்ட போலாமா?"

"போலாம்" என்றாள். "வெண்ணெய் எங்கம்மா?"

மனைவி எடுத்து வைத்தாள். அவள் ரொட்டியில் தடவித் தின்னத் தொடங்கினாள். சல்லடை அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் அவன் இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.